பவளத் தொட்டிக்கான கடல் உப்புக் கலவை

கடல் உப்புக் கலவை என்பது, நன்னீரில் கரைக்கப்படும்போது கடல் நீரை ஒத்த வேதியியல் உள்ளடக்கம் கொண்ட கரைசலைத் தரும் வகையில் தயாரிக்கப்படும் உலர்ந்த உப்புகளின் தொகுப்பு ஆகும். இக்கரைசல் செயற்கைக் கடல் நீர் எனப்படுகிறது. கடல் மீன்களையும் பவளங்களையும் வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்போரும், கடற்கரையிலிருந்து தொலைவில் அமைந்த மீன் காட்சியகங்களும், கடலுயிரியல் ஆய்வுக்கூடங்களும் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

மீன்கள் மட்டுமே வளரும் கடல் நீர்த் தொட்டியில் ஏறத்தாழ எந்தத் தரமான உப்புக் கலவையும் போதுமானதாகும். ஆனால் பவளங்கள் தம் கூட்டைக் கட்டுவதற்குத் தேவையான கால்சியம், கார்பனேட்டு ஆகியவற்றைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே பெறுகின்றன. நீரின் உள்ளடக்கம் திடீரென மாறினால், பல ஆண்டுகள் வளர்ந்த பவளக் குடியிருப்பு ஒன்று சில நாட்களிலேயே திசுவை இழந்து இறக்கக்கூடும். எனவே பவளத் தொட்டிக்கு உப்புக் கலவையைத் தெரிவு செய்வதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

வரலாறு

கடல் நீரில் கரைந்துள்ள முதன்மையான உப்புகளின் மொத்த அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், அவற்றுக்கு இடையேயான விகிதம் ஏறத்தாழ மாறாமல் இருக்கும் என்பதை 1819 இல் அலெக்சாண்டர் மார்செட் எடுத்துரைத்தார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆய்ந்த சேலஞ்சர் கப்பல் பயணத்தில் திரட்டப்பட்ட 77 நீர் மாதிரிகளைப் பகுத்தாய்ந்த வில்லியம் டிட்மார், 1884 இல் வெளியிட்ட முடிவுகளின் மூலம் இதனை உறுதிப்படுத்தினார். விகிதம் மாறாதது என்பதனாலேயே கடல் நீருக்கு ஒரு பொதுவான செய்முறையை வகுக்க முடிகிறது.

ஆங்கிலேய இயற்கையியலாளரான பிலிப் என்றி கோசு, 1854 இல் உள்நாட்டு நகரங்களில் கடலுயிர்களை வளர்ப்பதற்காகச் செயற்கைக் கடல் நீர் தயாரிக்கும் முறை ஒன்றை வெளியிட்டார். சாதாரண உப்பு, மக்னீசியம் சல்பேட்டு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கு பொருட்களே அதில் இடம்பெற்றன.

எனினும் பெரிய காட்சியகங்கள் நீண்ட காலம் இயற்கைக் கடல் நீரையே நம்பியிருந்தன. ஐக்கிய அமெரிக்காவில் சிக்காகோ நகரின் செட் மீன் காட்சியகம் 1930 இல் தொடங்கப்பட்டபோது, புளோரிடாவின் கீ வெசுட்டிலிருந்து 20 தொடருந்துத் தொட்டி வண்டிகள் எட்டு முறை சென்று வந்து ஏறத்தாழ 10 இலட்சம் கலன் கடல் நீரைக் கொண்டுவந்தன. 1940 இல் லைமன், பிளெமிங் ஆகியோர் ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கான செயற்கைக் கடல் நீர்ச் செய்முறையை வெளியிட்டனர். 1960களில் ஐக்கிய அமெரிக்காவில் இன்ஸ்டன்ட் ஓஷன், செருமனியில் டிராபிக் மாரின் போன்ற வணிகக் கலவைகள் விற்பனைக்கு வந்தபின், கடலைக் காணாத ஊர்களிலும் கடல் நீர்த் தொட்டிகள் பெருகின. 2005 இல் அட்லாண்டாவில் திறக்கப்பட்ட சியார்சியா மீன் காட்சியகம் செயற்கைக் கடல் நீரைப் பயன்படுத்தும் மிகப் பெரிய காட்சியகங்களுள் ஒன்றாகும்.

இயற்கைக் கடல் நீரின் உள்ளடக்கம்

எந்த உப்புக் கலவையையும் மதிப்பிடுவதற்கான அளவுகோல் இயற்கைக் கடல் நீரே ஆகும். ஆயிரத்தில் 35 பங்கு உப்புத்தன்மை கொண்ட ஒரு கிலோகிராம் கடல் நீரில் உள்ள முதன்மையான கரைபொருட்கள் பின்வருமாறு:

- குளோரைடு - 19.35 கிராம்
- சோடியம் - 10.78 கிராம்
- சல்பேட்டு - 2.71 கிராம்
- மக்னீசியம் - 1.28 கிராம்
- கால்சியம் - 0.41 கிராம்
- பொட்டாசியம் - 0.40 கிராம்
- பைகார்பனேட்டும் கார்பனேட்டும் - ஏறத்தாழ 0.12 கிராம்
- புரோமைடு - 0.067 கிராம்
- இசுட்ரான்சியம் - 0.008 கிராம்
- போரான் - 0.0045 கிராம்
- புளோரைடு - 0.0013 கிராம்

கடல் நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது என்பதால், இவற்றை லிட்டருக்குரிய அளவாக மாற்றும்போது எண்கள் சற்றே உயரும். கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம், மக்னீசியம் ஏறத்தாழ 1,310 மில்லிகிராம், பொட்டாசியம் ஏறத்தாழ 410 மில்லிகிராம் என அமையும். தொட்டி வளர்ப்போர் வழக்கமாகக் குறிப்பிடுவது இந்த அளவுகளையே ஆகும்.

பவளத்துக்கு இன்றியமையாத கால்சியமும் பைகார்பனேட்டும் மொத்த உப்பில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவானவை என்பது குறிப்பிடத்தக்கது. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும் ஆகும். எனவே மொத்த உப்புத்தன்மையை மட்டும் அளந்தால், பவளத்துக்குத் தேவையானவை சரியான அளவில் உள்ளனவா என்பது தெரியவராது.

உப்பளத்து உப்பு ஏன் போதாது

உப்பளங்களில் விளையும் உப்பும் கடலிலிருந்தே வருகிறது. ஆயினும் அதனை மீண்டும் நீரில் கரைத்தால் கடல் நீர் கிடைப்பதில்லை. கடல் நீர் வெயிலில் ஆவியாகும்போது அதிலுள்ள பொருட்கள் ஒரே நேரத்தில் படிவதில்லை என்பதே இதன் காரணம்.

முதலில் கால்சியம் கார்பனேட்டு படிகிறது. நீரின் கொள்ளளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது கால்சியம் சல்பேட்டு, அதாவது ஜிப்சம், படியத் தொடங்குகிறது. கொள்ளளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் சோடியம் குளோரைடு படிகமாகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களிலுள்ள உப்பளங்களில் அறுவடை செய்யப்படுவது இந்தக் கட்டத்தில் விளையும் உப்பே ஆகும். மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு ஆகியவற்றின் பெரும்பகுதி எஞ்சிய கசப்பு நீரில் தங்கிவிடுகிறது. எனவே கல்லுப்பில் கடல் நீரின் ஒரு பகுதி மட்டுமே உள்ளது.

கடைகளில் கிடைக்கும் தூள் உப்பில் அயோடினும், கட்டியாகாமல் இருப்பதற்கான பொருட்களும் சேர்க்கப்படுகின்றன. இவ்வுப்பும் பவளத் தொட்டிக்கு ஏற்றதன்று.

தயாரிக்கப்படும் முறை

வணிக உப்புக் கலவைகள் இரு வழிகளில் தயாரிக்கப்படுகின்றன. முதல் வழியில், தூய்மைப்படுத்தப்பட்ட தனித்தனி உப்புகள் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கப்படுகின்றன. சோடியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட்டு அல்லது சோடியம் சல்பேட்டு, கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட்டு ஆகியவை இதில் அடங்கும். இவற்றுடன் புரோமைடு, போரேட்டு, இசுட்ரான்சியம் ஆகியவற்றின் உப்புகளும் சேர்க்கப்படலாம். இரண்டாம் வழியில், கடல் நீரை ஆவியாக்கிப் பெற்ற உப்பு அடிப்படையாகக் கொள்ளப்பட்டு, குறையும் பொருட்கள் பின்னர் சேர்க்கப்படுகின்றன. இறுதி நீரின் உள்ளடக்கம் சரியாக இருக்குமானால், எந்த வழியில் தயாரிக்கப்பட்டது என்பது பவளத்துக்கு ஒரு பொருட்டன்று.

இவ்வுப்புகளுள் பலவற்றின் படிகங்களில் நீர் மூலக்கூறுகள் பிணைந்துள்ளன. இதனால் 35 கிராம் உப்புத்தன்மை கொண்ட நீரைப் பெற, கலவையைப் பொறுத்து லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை உலர் உப்பு தேவைப்படுகிறது. மக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் காற்றிலுள்ள ஈரத்தை விரைவாக உறிஞ்சுபவை. திறந்து வைக்கப்பட்ட உப்பு கட்டியாவதற்கு இதுவே காரணம்.

தெரிவு செய்யும்போது கருத வேண்டியவை

ஒப்பீட்டு அடிப்படை

உப்புக் கலவைகளின் உறைகளில் அச்சிடப்படும் அளவுகள் எல்லாம் ஒரே உப்புத்தன்மைக்கு உரியவை அல்ல. ஒரு நிறுவனம் ஆயிரத்தில் 35 பங்குக்கும், மற்றொன்று 33 பங்குக்கும் கணக்கிட்டிருக்கலாம். 35 பங்கில் 420 மில்லிகிராம் கால்சியம் தரும் கலவை, 33 பங்கில் 396 மில்லிகிராம் மட்டுமே தரும். எனவே இரு கலவைகளை ஒப்பிடுமுன் அவற்றின் அளவுகளை ஒரே உப்புத்தன்மைக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

காரத்தன்மை

நீரில் உள்ள பைகார்பனேட்டு, கார்பனேட்டு, போரேட்டு ஆகியவை அமிலத்தை ஈடுசெய்யும் திறனே காரத்தன்மை எனப்படுகிறது. தொட்டி வளர்ப்போர் இதனை டி.கே.எச். எனப்படும் செருமன் அலகில் அளக்கின்றனர். இயற்கைக் கடல் நீரின் காரத்தன்மை ஏறத்தாழ 6.5 முதல் 7 டி.கே.எச். ஆகும்.

உப்புக் கலவைகள் இந்த அளவைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் வகை இயற்கை அளவை ஒட்டி, ஏறத்தாழ 7 முதல் 8.5 டி.கே.எச். வரை தருகிறது. இரண்டாம் வகை செறிவூட்டப்பட்டது. 10 முதல் 12 டி.கே.எச். வரையோ அதற்கு மேலுமோ தருகிறது. தெரிவில் மிக முக்கியமான வேறுபாடு இதுவே ஆகும்.

தொட்டியில் பேணப்படும் காரத்தன்மைக்கு அண்மையான கலவையைத் தெரிவு செய்வதே பொதுவான விதி. எடுத்துக்காட்டாக, 7.5 டி.கே.எச். உள்ள 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் நீரை 12 டி.கே.எச். உள்ள புதிய நீரால் மாற்றினால், தொட்டியின் அளவு 7.95 ஆக உயரும். இவ்வுயர்வைப் பெரும்பாலான பவளங்கள் தாங்கிக்கொள்ளும். அதே தொட்டியில் ஏதேனும் ஓர் இடருக்காக 100 லிட்டரை மாற்ற நேர்ந்தால், அளவு ஒரே நாளில் 9.75 ஆக உயரும். தொட்டியைக் காப்பாற்றச் செய்யப்படும் நீர் மாற்றமே பவளங்களுக்குக் கேடாக முடியலாம். சிறு கிளைப்பவளங்களின் நுனிகள் வெளுத்துத் திசு உரிதல், காரத்தன்மை திடீரென உயர்ந்த தொட்டிகளில், குறிப்பாக ஊட்டப்பொருட்கள் மிகக் குறைந்த தொட்டிகளில், காணப்படுகிறது.

கால்சியம்

பவளத்தின் கூடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. கூடு கட்டப்படும்போது காரத்தன்மையும் கால்சியமும் ஒரு நிலையான விகிதத்தில் குறைகின்றன: 2.8 டி.கே.எச். காரத்தன்மை செலவாகும்போது லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் செலவாகிறது. கலவையில் கால்சியம் 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்றது. காரத்தன்மையும் கால்சியமும் இரண்டும் மிக உயர்வாக உள்ள கலவைகளில், அவை ஒன்றோடொன்று சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிவாகும் வாய்ப்பு அதிகம்.

மக்னீசியம்

மக்னீசியம் அயனிகள், உருவாகத் தொடங்கும் கால்சியம் கார்பனேட்டுப் படிகங்களின் மேற்பரப்பில் புகுந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. கடல் நீர் கால்சியம் கார்பனேட்டால் மிகைச்செறிவுற்று இருந்தும் அது தானாகவே வீழ்படிவாகாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும். மக்னீசியம் குறைந்த கலவையைப் பயன்படுத்தும் தொட்டியில் கால்சியத்தையும் காரத்தன்மையையும் உரிய அளவில் நிலைநிறுத்துவது கடினம். 1,250 முதல் 1,400 மில்லிகிராம் வரையிலான அளவு ஏற்றதாகக் கொள்ளப்படுகிறது.

பொட்டாசியமும் பிற தனிமங்களும்

பொட்டாசியம் இயற்கை அளவான 400 மில்லிகிராமுக்கு அண்மையில் இருத்தல் நன்று. அயோடின், இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் போன்ற நுண்ணளவுத் தனிமங்கள் கடல் நீரில் மிகச் சிறிய அளவிலேயே உள்ளன. மூலப்பொருட்களில் உள்ள மாசுகளாலேயே இவற்றுள் பல, செயற்கைக் கலவைகளில் இயற்கை அளவைவிட மிகுந்து காணப்படுவதுண்டு. எனவே ஒரு கலவையில் எத்தனை தனிமங்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதைவிட, செம்பு போன்ற நச்சுத்தன்மையுடைய உலோகங்கள் எவ்வளவு குறைவாக உள்ளன என்பதே முக்கியமானது. முதுகெலும்பற்ற உயிரிகள் செம்பினால் எளிதில் பாதிக்கப்படுகின்றன. நைட்ரேட்டும் பாசுபேட்டும் கலவையில் இல்லாதிருத்தல் வேண்டும்.

தரத்தின் நிலைத்தன்மை

ஒரே பெயரில் விற்கப்படும் கலவையிலும் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் வேறுபாடு இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவுகளைத் தரும் எளிய கலவை, ஒரு முறை சிறப்பாகவும் மறுமுறை மோசமாகவும் அமையும் விலையுயர்ந்த கலவையைவிட மேலானது. புதிய பையைத் திறந்தவுடன் சிறிதளவு நீரைக் கலந்து, காரத்தன்மை, கால்சியம், மக்னீசியம் ஆகிய மூன்றையும் சோதித்து, தொகுதி எண்ணுடன் குறித்து வைப்பது நல்ல வழக்கம் ஆகும். சில நிறுவனங்கள் ஒவ்வொரு தொகுதிக்குமான சோதனை முடிவுகளை வெளியிடுகின்றன.

செலவு

விலையைக் கிலோகிராம் கணக்கில் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரலாம். லிட்டருக்கு 36 கிராம் தேவைப்படும் 20 கிலோகிராம் கலவையிலிருந்து ஏறத்தாழ 555 லிட்டர் நீர் கிடைக்கும். லிட்டருக்கு 40 கிராம் தேவைப்படும் கலவையிலிருந்து 500 லிட்டர் மட்டுமே கிடைக்கும். வாரந்தோறும் 30 லிட்டர் மாற்றப்படும் 200 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 38 கிராம் எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 59 கிலோகிராம் உப்பு தேவைப்படும். உப்பின் விலை தாங்க இயலாததாக இருந்தால் நீர் மாற்றங்கள் தள்ளிப்போடப்படும். அதனால் விளையும் தீங்கு, இரு நல்ல கலவைகளுக்கு இடையேயான வேறுபாட்டைவிடப் பெரியது.

தொட்டியின் வகைக்கேற்ற தெரிவு

- மீன்கள் மட்டும் உள்ள தொட்டி: இயற்கை அளவை ஒட்டிய எளிய கலவை போதுமானது.
- மென்பவளங்கள் உள்ள தொட்டி: இவை கற்பவளங்களைப் போன்று பெருமளவு கால்சியத்தைப் பயன்படுத்துவதில்லை. இயற்கை அளவை ஒட்டிய கலவையும், முறையான நீர் மாற்றமும் பெரும்பாலும் போதுமானவை.
- கற்பவளங்கள் உள்ள, கால்சியமும் காரத்தன்மையும் தனியே சேர்க்கப்படும் தொட்டி: சேர்க்கை முறையால் பேணப்படும் அளவுகளுக்கு அண்மையான கலவையே ஏற்றது. பெரும்பாலும் இது இயற்கை அளவை ஒட்டியதாக அமையும்.
- சில கற்பவளங்களே உள்ள, தனியே எதுவும் சேர்க்கப்படாத சிறு தொட்டி: செறிவூட்டப்பட்ட கலவை, நீர் மாற்றங்களுக்கு இடையே செலவானதை ஓரளவு ஈடுசெய்யும்.

செறிவூட்டப்பட்ட கலவை மட்டுமே கற்பவளங்கள் நிறைந்த தொட்டியின் தேவையை நிறைவு செய்யும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது கணக்குடன் பொருந்துவதில்லை. நன்கு வளர்ந்த கற்பவளத் தொட்டி ஒன்று நாளொன்றுக்கு 1 டி.கே.எச். காரத்தன்மையைச் செலவிடுவதாகக் கொண்டால், வாரத்தில் 7 டி.கே.எச். செலவாகும். 7 டி.கே.எச். உள்ள தொட்டியில் 15 விழுக்காடு நீரை 11 டி.கே.எச். உள்ள நீரால் மாற்றுவதால் கிடைப்பது 0.6 டி.கே.எச். மட்டுமே. செலவானதில் பத்தில் ஒரு பங்குகூட இதனால் ஈடாவதில்லை. அத்தகைய தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு நீர், இரு பகுதிக் கரைசல், கால்சியம் வினைகலம் போன்ற வேறு முறைகள் தேவை.

கரைக்கப் பயன்படும் நீர்

கலவை எவ்வளவு சிறந்ததாயினும், கரைக்கும் நீர் மாசுற்றதாக இருந்தால் பயனில்லை. குழாய் நீரில் குளோரின் அல்லது குளோரமின், நைட்ரேட்டு, பாசுபேட்டு, குழாய்களிலிருந்து கரைந்த செம்பு ஆகியவை இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் காரத்தன்மையும் ஏற்கனவே மிகுந்திருப்பதால், கலவையின் அளவுகள் அனைத்தும் மாறிவிடும். எனவே எதிர்ச் சவ்வூடு பரவல் முறையாலும், அதன்பின் அயனி நீக்கும் பிசின்களாலும் தூய்மையாக்கப்பட்ட நீரே பரிந்துரைக்கப்படுகிறது. கரைந்த திண்மங்களை அளக்கும் கருவியில் இந்நீர் சுழியம் அல்லது அதற்கு மிக அண்மையான அளவைக் காட்ட வேண்டும். ஒரு கலவையைப் பற்றிய குறை உண்மையில் நீரின் குறையாக இருப்பதுண்டு.

கலக்கும் முறை

1. உணவுப் பொருட்களுக்குரிய நெகிழிக் கலனில் தேவையான அளவு தூய நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். உலோகக் கலன்களைத் தவிர்க்க வேண்டும்.
2. நீரைச் சுழலச் செய்யும் சிறு எக்கி ஒன்றை இயக்க வேண்டும்.
3. நீரில் உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உப்பின் மீது நீரை ஊற்றலாகாது. அவ்வாறு செய்தால் தொடக்கத்தில் கால்சியமும் பைகார்பனேட்டும் மிக அடர்ந்த நிலையில் சந்தித்து வீழ்படிவாகும். அப்படிவு எளிதில் மீண்டும் கரையாது.
4. நீரைச் சூடாக்கிக் கரைக்க முயலலாகாது. பெரும்பாலான உப்புகளுக்கு மாறாக, கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் வெப்பம் கூடும்போது குறைகிறது.
5. நீர் தெளிந்த பின் உப்புத்தன்மையை அளந்து சரிசெய்ய வேண்டும்.
6. தொட்டியில் ஊற்றுமுன், புதிய நீரின் வெப்பநிலையும் உப்புத்தன்மையும் தொட்டி நீரை ஒத்திருத்தல் வேண்டும்.

எவ்வளவு நேரம் கலக்க வேண்டும் என்பது கலவைக்குக் கலவை வேறுபடும். செறிவூட்டப்பட்ட கலவைகளை நீண்ட நேரம் கலக்கினால் வீழ்படிவு உண்டாகலாம் என்பதால், தயாரிப்பாளரின் அறிவுறுத்தலைப் பின்பற்றுவதே முறை. கலனின் சுவரில் வெண்ணிறப் படலம் காணப்பட்டால், கால்சியமும் காரத்தன்மையும் நீரிலிருந்து வெளியேறியுள்ளன எனப் பொருள்.

தொட்டியில் ஆவியாவது நீர் மட்டுமே; உப்பு அன்று. எனவே அன்றாடம் ஆவியாதலால் குறையும் நீருக்கு ஈடாகத் தூய நன்னீரையே சேர்க்க வேண்டும்.

உப்புத்தன்மையை அளத்தல்

ஆயிரத்தில் 35 பங்கு உப்புத்தன்மை கொண்ட கடல் நீரின் ஒப்படர்த்தி 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1.0264 ஆகும். அதன் மின்கடத்துதிறன் அதே வெப்பநிலையில் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 53 மில்லிசீமென்சு ஆகும். மிதவை நீர்மானி, ஒளிமுறிவுமானி, மின்கடத்துதிறன் மானி ஆகிய மூன்றும் பயன்பாட்டில் உள்ளன.

விற்பனையாகும் ஒளிமுறிவுமானிகளுள் பல, உண்மையில் சோடியம் குளோரைடு கரைசலுக்காக அளவிடப்பட்டவை. அவற்றில் கடல் நீரின் உப்புத்தன்மை ஏறத்தாழ 1.5 பங்கு கூடுதலாகத் தெரியும். தூய நீரைக் கொண்டு சுழியத்தை மட்டும் சரிசெய்வதால் இப்பிழை நீங்காது. 35 பங்கு கடல் நீருக்கு நிகரான செந்தரக் கரைசலைக் கொண்டு கருவியைச் சரிபார்த்தல் வேண்டும். கலவையில் கால்சியம் குறைவாக உள்ளது எனக் கருதப்படும் நேர்வுகளில், முதலில் சரிபார்க்க வேண்டியது உப்புத்தன்மை மானியையே ஆகும்.

சேமிப்பு

உலர்ந்த உப்பை ஈரம் புகாதவாறு இறுக மூடிய கலனில் வைக்க வேண்டும். ஈரமான கடற்கரைக் காலநிலையில் இது மிகவும் இன்றியமையாதது. ஈரத்தை உறிஞ்சிய உப்பின் எடையில் ஒரு பகுதி நீராக இருப்பதால், வழக்கமான எடையில் எடுத்தால் உப்புத்தன்மை குறையும். மேலும் பைக்குள்ளேயே கால்சியமும் பைகார்பனேட்டும் வினைபுரிந்து கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறக்கூடும். கல்லாக இறுகிப்போன கலவையைப் பவளத் தொட்டிக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நன்று.

போக்குவரத்தின்போது அதிர்வினால் சிறு துகள்களும் பெரு துகள்களும் பிரிந்து வெவ்வேறு அடுக்குகளாகப் படிவதுண்டு. பையின் மேற்பகுதியிலிருந்து எடுக்கும் உப்பும் அடிப்பகுதியிலிருந்து எடுக்கும் உப்பும் வேறுபட்ட அளவுகளைத் தருவதற்கு இது ஒரு காரணம். திறக்குமுன் கலனை உருட்டிக் கலப்பது இதனைக் குறைக்கும்.

கலவையை மாற்றுதல்

ஒரு கலவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, ஒரே முறையில் பெருமளவு நீரை மாற்றலாகாது. முதலில் இரு நீர்களின் காரத்தன்மையையும் அளந்து, வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். பின்னர் வாரத்துக்கு 10 விழுக்காடு போன்ற சிறு மாற்றங்கள் மூலம் படிப்படியாக மாறலாம். பவளங்கள் நல்ல நிலையில் வளர்ந்துகொண்டிருக்கும் தொட்டியில், வேறு கலவை சிறந்தது எனக் கேள்வியுற்றதற்காக மட்டும் மாற்றுவதற்குக் காரணம் இல்லை.

ஆய்வுகளும் கருத்து வேறுபாடுகளும்

1990களின் இறுதியில் மார்லின் அட்கின்சன், கிரெய்க் பிங்மன் ஆகியோர் பல வணிக உப்புக் கலவைகளைப் பகுத்தாய்ந்து வெளியிட்டனர். முதன்மை அயனிகள் பெரும்பாலும் கடல் நீரை ஒத்திருந்தாலும், கலவைகளுக்கு இடையே வேறுபாடுகள் இருந்தன என்பதும், நுண்ணளவுத் தனிமங்கள் பல இயற்கை அளவைவிட மிகுந்திருந்தன என்பதும் அதில் தெரியவந்தன.

2003 இல் முதுகெலும்பற்ற உயிரிகளின் ஆய்வாளரான ரொனால்ட் சிமெக், புதிதாகக் கலக்கப்பட்ட பல்வேறு செயற்கைக் கடல் நீர்களில் கடல் முள்ளெலியின் குடம்பிகள் எந்த அளவு உயிர் பிழைக்கின்றன என்பதைச் சோதித்தார். கலவைகளுக்கு இடையே பெரும் வேறுபாடு இருப்பதாக அவர் தெரிவித்தார். நுண்ணளவு உலோகங்கள் அதற்குக் காரணமாக இருக்கலாம் எனவும் கருதினார். இம்முடிவுகள் வளர்ப்போரிடையே நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தன. பல நாட்கள் இயங்கும் தொட்டியில் உலோகங்கள் கரிமப் பொருட்களோடு பிணைந்தும், மணலிலும் பாறையிலும் படிந்தும் குறைகின்றன. எனவே புதிய நீரில் குடம்பிகளுக்கு நேர்வது முதிர்ந்த தொட்டியில் பவளங்களுக்கும் நேரும் எனக் கொள்ள முடியாது என்பது எதிர்த்தரப்பின் வாதமாக இருந்தது. வெவ்வேறு கலவைகளைப் பயன்படுத்தும் தொட்டிகளில் பவளங்கள் செழித்து வளர்வது இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

2010களில், நீர் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பிளாசுமா நிறமாலை முறையில் பல தனிமங்களை ஒரே நேரத்தில் அளந்து பெறும் சேவை வளர்ப்போருக்குக் கிடைக்கத் தொடங்கியது. இதனால் கலவையில் உள்ள மாசுகளைப் பற்றிய ஐயங்களை ஊகத்தால் அன்றி அளவீட்டால் தீர்த்துக்கொள்ள முடிகிறது.

இயற்கைக் கடல் நீரைப் பயன்படுத்துதல்

கடற்கரையில் வாழ்வோர் உப்புக் கலவைக்கு மாற்றாகக் கடல் நீரையே பயன்படுத்துவதுண்டு. 1961 இல் இந்தோனேசியாவின் லீ சின் எங் விளக்கிய தொட்டி முறை இயற்கைக் கடல் நீரையும், உயிருள்ள பாறைகளையும் அடிப்படையாகக் கொண்டது. அவாயின் வைக்கிக்கி காட்சியகம் இன்றும் இயற்கை உவர் நீரில் பவளங்களை வளர்க்கிறது.

எனினும் கரையோர நீர் எப்போதும் தூயதன்று. துறைமுகங்கள், ஆற்று முகத்துவாரங்கள், கழிவுநீர் கலக்கும் இடங்கள் ஆகியவற்றின் அருகே எடுக்கப்படும் நீர் ஏற்றதன்று. வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு நீர், பேராறுகளின் வரத்தாலும் மழையாலும் அரபிக்கடலைவிட உப்புத்தன்மை குறைந்தது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இது மேலும் குறைகிறது. எனவே ஒவ்வொரு முறையும் உப்புத்தன்மையை அளந்து, குறைவை உப்புக் கலவையால் ஈடுசெய்ய வேண்டும். நுண்ணுயிரிகள் அழுகி நீர் கெடாதிருக்க, வடிகட்டி உடனே பயன்படுத்துதல் வேண்டும்.

சட்ட நிலை

கற்பவளங்கள் அனைத்தும் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிசு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றுள்ளன. இந்தியாவில் 2001 இல் இவை காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்தியக் கடற்பகுதிகளில் இவற்றைச் சேகரிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

பிற நாடுகளில் தொட்டியில் வளர்ந்த பவளங்களிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சிறு துண்டுகளை வளர்த்துப் பெருக்குவது வழக்கமாகியுள்ளது. ஒரு தொட்டியில் பவளம் இறக்காமல் வளர்ந்தால், அதன் துண்டுகள் பிற தொட்டிகளுக்குப் போதும்; கடலிலிருந்து மேலும் ஒன்றை எடுக்கும் தேவை குறைகிறது.

இவற்றையும் பார்க்க

- கடல் நீர்
- பவளப் பாறை
- உப்புத்தன்மை
- உப்பளம்
- மன்னார் வளைகுடா